தாடி ஓணான் குட்டிக்கு 'ஸ்டார்ட்டர் செட்' வாங்குகிறீர்களா? ஒரு நிமிடம்!

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செல்லப்பிராணிக் கடை ஒன்று பியர்டட் டிராகன் (தாடி ஓணான்) குட்டியோடு ஒரு 'ஸ்டார்ட்டர் செட்'டையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. காய்ந்த மீல்வார்ம் (மாவுப்புழு) ஒரு டப்பா, கலர் கலரான உருண்டைத் தீனி ஒரு பை, சுருள் பல்பு ஒன்று. "இது போதும், வேறெதுவும் வேண்டாம்" என்பார்கள். நம்பி வாங்கிய வீட்டில் குட்டி ஒன்றுக்குத் தாடை ரப்பர்போல வளைந்துவிட்டது. விரல்கள் துடிக்கின்றன, பின்னங்கால் இழுக்கிறது. எலும்பிலிருந்து உடம்பு கால்சியத்தை உருவிக்கொள்வதன் அடையாளம் அது.

காரணம் டப்பாவிலேயே இருக்கிறது. மீல்வார்மில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். காய்ந்ததில் ஈரமும் கிடையாது. குட்டிக்குத் தண்ணீர் பெரும்பாலும் தீனி வழியாகத்தான் போகிறது. உருண்டைத் தீனியோ அசையாது. அசையாததைப் பல குட்டிகள் சீண்டுவதே இல்லை.

நாலைந்து மாதம் வரை உயிருள்ள பூச்சிதான் முக்கியத் தீனி. ரெட் ரன்னர் கரப்பான் அல்லது கிரிக்கெட் பூச்சியை நாளுக்கு 2, 3 வேளை, ஒவ்வொரு வேளையும் 10 நிமிடத்தில் தின்னும் அளவுக்குக் கொடுங்கள். குட்டியின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி கூடாது. முந்தின நாளே பூச்சிகளுக்குக் கேரட், கீரை கொடுத்து வயிறு நிரப்பி, பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியோடு ஒரு பையில் போட்டுக் குலுக்கிக் கொட்டவும். மிஞ்சிய கிரிக்கெட்டை எடுத்துவிட வேண்டும், இரவில் அது ஓணானையே கடிக்கும். வசந்தத்தில் பிள்ளைகள் ஷூ பெட்டியில் மல்பெரி இலை போட்டு வளர்க்கும் பட்டுப்புழுவும் அருமையான தீனி. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கு அதில் காசு இல்லையே!

வளர்ந்ததற்குக் கணக்கு தலைகீழ். தினமும் இலை, வாரத்துக்கு 2, 3 நாள் மட்டும் பூச்சி. இங்கே சந்தையில் 'ஸ்பினச்' என்று விற்பது பெரும்பாலும் சுவிஸ் சார்ட். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், தினசரித் தீனிக்கு ஆகாது. ராக்கெட் கீரை, கடுகுக்கீரை, டேன்டிலையன் இலை, செம்பருத்திப் பூ, துருவிய பட்டர்நட் பூசணி போடலாம். அவகாடோ விஷம். சூப்பர்வார்ம் என்ற பெரிய புழு கொழுப்பு மிகுந்தது. அதில் ருசி கண்டுவிட்டால் இலையைத் திரும்பிப் பார்க்காது. வளர்ந்ததாக இருந்தால் காலையில் பசியோடு இருக்கும்போது இலையை வைத்து, மேலே ஒரு சிவப்புப் பூவிதழ் தூவி, பூச்சியை மதியத்துக்குத் தள்ளுங்கள். குட்டியை மட்டும் இப்படிப் பட்டினி போடக்கூடாது.

பல்புதான் பெரிய மோசடி. நீல வெளிச்சமெல்லாம் யூவிபி (வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்) ஆகாது. யூவிபி இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, கால்சியம் பொடி வீண். தொட்டி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது வரும் டி5 (மெல்லிய வகை) குழல்விளக்கு, 10 அல்லது 12 சதவீத யூவிபி உள்ளது, வேண்டும். நடுவில் கண்ணாடி இருந்தால் கதிர் உள்ளே வராது. தொட்டிக்குள் அது வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ். மின்வெட்டு நாளில் தீனி போட்டபின் குறைந்தது 2 மணி நேரமாவது சூடு இருக்கும்படி நேரம் பாருங்கள். உடம்பு குளிர்ந்தால் வயிற்றில் தீனி செரிக்காமல் கிடக்கும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் வளர்ந்த ஓணான் தீனி குறைப்பது இயல்பு, எடை இறங்காதவரை 'பசி மருந்து' எதுவும் வேண்டாம்.

அட்டையில் யூவிபி என்று போட்டு, வேலை செய்யாத பல்பைத் தந்திருந்தால் ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பலாம். பழுது நீக்குவதா, மாற்றுவதா, பணமா என்று தீர்மானிப்பது நீங்கள், கடை அல்ல.