கண்ணாடி ஊத உலையா, பர்னரா? ராமநாதபுரக் கடலோரப் பட்டறைக்கு ஓர் அலசல்

ராமேஸ்வரத்தில் சங்கும் சிப்பியும் வாங்கிப் போகும் கூட்டத்தை நம்பி ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டறை போட நினைப்பவர், என்ன செய்து விற்பது என்று யோசிக்கும் முன்பே எந்த நெருப்பில் வேலை செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். இடம், முதலீடு, கருவி, கண்ணாடி வகை எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும். மூன்று வழிகள் இருக்கின்றன: மூசை (கண்ணாடியை உருக்கும் சூடு தாங்கும் பாத்திரம்) வைத்த உலை, பர்னரும் (வாயுச் சுடர் தரும் கருவி) சோடா கண்ணாடிக் கம்பியும், பர்னரும் போரோசிலிக்கேட் (ஆய்வகக் குடுவைக் கண்ணாடி) குழாயும்.

உலை

சாதாரணப் பாட்டில் கண்ணாடியான சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியை மணல், சோடா சாம்பல், சுண்ணாம்பு என்ற மூலப்பொருளிலிருந்து உருக்க 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். ஊதும் நேரத்தில் 1,100 டிகிரியை ஒட்டி நிறுத்த வேண்டும். வேலை நடுவில் பொருளைத் திரும்பச் சூடாக்க இன்னோர் அடுப்பு, முடிந்ததும் மெதுவாக ஆற்ற ஒரு மின்சூளை. ஆக மூன்று அடுப்பு. மூசையைச் சட்டென்று அணைத்தால், உள்ளே உறையும் கண்ணாடியும் மூசையும் வேறு வேறு அளவில் சுருங்கி மூசை பிளந்துவிடும். அதனால் நீங்கள் ஊதினாலும் ஊதாவிட்டாலும் உலை இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். ஒரே ஆளாகத் தொடங்கும் பட்டறைக்கு இந்த எரிபொருள் செலவு தாங்காது.

இந்த மாவட்டத்தில் இரண்டு ஆசைகள் எளிதாக வரும். ஒன்று, சீமைக்கருவேலங்கரி. மூட்டம் போட்ட கரி இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. துருத்தி வைத்தால் கொல்லன் உலைக்குப் போதுமான சூடும் தரும். ஆனால் கண்ணாடிக்கு ஒரே சூடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கரி கூடியும் குறைந்தும் எரியும். சாம்பலும் கரித்தூளும் திறந்த மூசையில் விழுந்து நிறத்தைக் கெடுத்துக் குமிழியும் விடும்.

இன்னொன்று, கடற்கரை மணல். நிறமற்ற கண்ணாடிக்கு இரும்பு மிகக் குறைந்த சிலிக்கா மணல் வேண்டும். கடலோர மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும், அது சுண்ணாம்பு. அளவு மீறிய சுண்ணாம்பு, கண்ணாடி ஆறும்போது படிகம் கட்டி வெள்ளையாக மங்கச் செய்யும். கூடவே வரும் கருமணலில் உள்ள இரும்பு பச்சை நிறம் ஏற்றும். கடலோர ஒழுங்குமுறை விதிகளும் மணல் அள்ளுவதைத் தடுக்கின்றன. உலைதான் வேண்டுமென்றால் மூலப்பொருள் கலக்காமல் உடைகண்ணாடியை உருக்குங்கள். சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும், ஈரக்காற்றில் சோடா சாம்பல் கட்டிபிடிக்கும் தொல்லையும் பெருமளவு குறையும். ஆனால் ஒரே வகைப் பாட்டிலாகச் சேருங்கள். வேறு வேறு கண்ணாடி கலந்தால் சூட்டில் விரியும் அளவு பொருந்தாமல், ஆறிய பிறகு விரிசல் விடும்.

உலைக்கான கைக்கருவிகள்: 1.2 முதல் 1.5 மீட்டர் ஊதுகுழல், பொருளை மறுபக்கம் பிடிக்கும் கெட்டிக் கம்பி, உருட்டி வடிவேற்ற இரும்புப் பலகை, கழுத்தை ஒடுக்கும் பெரிய இடுக்கி, கத்தரி, குழிவுள்ள மரக்கட்டை, கையளவுக்கு மடித்து நனைத்த செய்தித்தாள். மரக்கட்டை பிசின் இல்லாத பழமரமாக இருக்க வேண்டும். எப்போதும் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் பக்கத்து இரும்பை எல்லாம் அரித்துவிடும். சாதா இரும்புக் குழலில் துருச்செதில் உதிர்ந்து கண்ணாடிக்குள் கரும்புள்ளியாக நிற்கும் என்பதால், குழலின் தலையாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். அந்தத் தலையை மங்கிய சிவப்பு வரை சூடாக்காமல் மூசையில் விட்டால் கண்ணாடி ஒட்டாது. கழுத்தைப் போதுமான அளவு ஒடுக்காமல் தட்டினால் விரிசல் குழலோடு நிற்காமல் பாத்திரத்துக்குள் ஓடும்.

பர்னர்: கம்பியா, குழாயா?

பர்னரில் மூசை கிடையாது. வேலை முடிந்ததும் அணைக்கலாம். மேசை, பர்னர், எல்பிஜி, ஆக்சிஜன், ஒரு சிறு மின்சூளை போதும். இந்தக் கடலோரத்துக்கு இதுவே சரியான தொடக்கம். ஆனால் கம்பியும் குழாயும் இரண்டு தனித் தொழில்கள்.

சோடா கண்ணாடிக் கம்பி சுமார் 700 டிகிரியிலேயே இளகும். மணி, சிறு மீன், ஆமை, தொங்கட்டான் இவற்றுக்கு ஏற்றது, நிறங்களும் ஏராளம். வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளம் அகழாய்வில் பழங்காலக் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. மணி விற்பவருக்கு மண்ணோடு ஒரு தொடர்பும் உண்டு. கயோலின் (வெள்ளைக் களிமண்) கலந்த பூச்சு தடவிய ஸ்டீல் கம்பியில் இளகிய கண்ணாடியைச் சுற்றினால் மணி. இதில் ஊதவே வேண்டாம். வாங்கும்போது விரிவு எண்ணை, அதாவது சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்று காட்டும் எண்ணைப் பாருங்கள்: 104, 96, 90 என்று விற்கும். 104-ஐ 90-இல் ஒட்டினால் பிளந்துபோகும். குளிர்ந்த கம்பியை நேரே சுடரில் நீட்டினால் நுனி தெறிக்கும். சுடரின் வெளிவிளிம்பில் காட்டிக் காட்டி உள்ளே கொண்டுவர வேண்டும். ஆக்சிஜன் குறைந்த சுடரில் செம்பு கலந்த நிறங்கள் மங்கிப் பழுப்பாகும்.

போரோசிலிக்கேட் வேறு குணம். சுமார் 80 சதவீதம் சிலிக்கா, 13 சதவீதம் போரான் ஆக்சைடு. விரிவு எண் 33. திடீர்ச் சூட்டைத் தாங்கும், அதனால் புதியவர் கையில் குறைவாக உடையும். ஆனால் 820 டிகிரியில்தான் இளகும். ஆக்சிஜன் இல்லாமல் ஓடாது. குப்பி, குடுவை, உள்ளீடற்ற சங்கு வடிவம் என்று உண்மையில் ஊதப் போகிறவர் இதைத்தான் எடுக்க வேண்டும். தொடக்கத்துக்கு 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள குழாய் கைக்கு அடங்கும். இரு பக்கமும் இழுத்து மெல்லிய கைப்பிடியாக்கி, ஒன்றை மூடி, நடுவைச் சுழற்றிக்கொண்டே சூடாக்குங்கள், கண்ணாடி தடிக்கட்டும். ஆரஞ்சு நிறம் வந்ததும் சுடருக்கு வெளியே எடுத்து, ஒரு நொடி விட்டு, மெல்ல ஊத வேண்டும். சுடருக்குள் வைத்தே ஊதினால் மெல்லிய இடம் மட்டும் புடைத்து ஓட்டையாகும். சுழற்சி நின்றால் ஒரு பக்கம் தொங்கிவிடும். புதியவர் ஒருவரின் கெட்டுப்போன குப்பிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டால்தான் கெடும்.

சோடா கம்பிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கருவி) சிறு பர்னருக்குப் போதும். ஆனால் உப்பும் ஈரமும் கலந்த காற்றை அது நேராக உறிஞ்சும் என்பதால் வடிகட்டியை அடிக்கடி மாற்றுங்கள். குழாய் வேலைக்கு 7 கன மீட்டர் சிலிண்டரே நம்பகமானது. வீட்டு அடுப்பு ரெகுலேட்டரின் அழுத்தம் இந்தப் பர்னர்களுக்குப் போதாது. அழுத்தம் கூட்டிக் குறைக்கக்கூடிய ரெகுலேட்டரும், சுடர் பின்வாங்குவதைத் தடுக்கும் வால்வும் எல்பிஜி, ஆக்சிஜன் இரண்டு பக்கமும் வேண்டும். பற்றவைக்கும்போது முதலில் எல்பிஜி, பிறகு ஆக்சிஜன்; அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். உப்புக்காற்றில் எது துருப்பிடித்தாலும் எண்ணெயோ கிரீஸோ தடவுவது நம் கடலோரப் பழக்கம். ஆக்சிஜன் ரெகுலேட்டரிலும் அதன் திருகுகளிலும் அதைச் செய்யவே கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும்.

கச்சான் அடிக்கும் மாதங்களில் தெற்கு, மேற்கு சன்னல்களையும், வாடையில் வடகிழக்கையும் மறைக்காவிட்டால் சுடர் சாயும். அறையை முழுக்க மூடவும் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் தரையில் தேங்கும். தரைமட்டத்தில் ஒரு திறப்பும், மேசைக்கு மேலே வெளியேற்றும் விசிறியும் வேண்டும். சோடியத்தின் மஞ்சள் வெளிச்சத்தை வெட்டும் டிடிமியம் கண்ணாடி அணியாமல் சுடரைப் பார்க்காதீர்கள்.

ஆற்றுதல்

மூன்று வழியிலும் பொருளைச் சூளையில் மெதுவாக ஆற்றுதல் உண்டு. 104 கம்பிப் பொருளுக்கு 510–520 டிகிரி, போரோசிலிக்கேட்டுக்கு 560–565. 6 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு மணிக்கு 60 டிகிரிக்கு மிகாமல் இறக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த பொருள் கடையில் முழுசாகவே இருக்கும். வாங்கியவர் ரயிலில் ஊர் திரும்பும்போது பிளக்கும்.

ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் மின்சாரம் போகும். அதனால் சூளை வாங்கும்போது சுவர் தடிமனைப் பாருங்கள். மின்சாரம் நின்றாலும் தானாக மெதுவாக ஆற வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவி, மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக இருக்கட்டும். சந்தேகப்படும் பொருளை மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கு முன் பிடித்து, போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி வழியாகப் பாருங்கள். குளிர்க்கண்ணாடியைத் திருப்பித் திரை இருளும் நிலையில் நிறுத்துங்கள். நிறமற்ற கண்ணாடியில் வெளிச்சப் பட்டை தெரியும் இடத்தில் இறுக்கம் தங்கியிருக்கிறது. விரிசல் விடாதவரை அதை மறுபடி சூளையில் வைத்து மெதுவாக ஏற்றி இறக்கலாம்.