பழைய புல்லட்டுக்குக் கிட் போதுமா, புதுக் கார்புரேட்டரா?

கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் வருஷக்கணக்காக நின்ற வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350-ஐ வெளியே எடுத்தால், முதலில் மல்லுக்கு நிற்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர்தான். ரிப்பேர் கிட் போட்டுப் பழைய மிக்கார்ப் கம்பெனி கார்புரேட்டரையே தேற்றலாமா, புதுசு வாங்கி மாட்டலாமா? கிட்தான் மலிவு, அதில் பேச ஒன்றுமில்லை. என் ஓட்டும் கிட்டுக்கே, பாடி தேயாமல் இருந்தால்.

அந்த ‘இருந்தால்’தான் சிக்கல். கிட்டில் வருவது ஃப்ளோட் நீடில் (பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி), கேஸ்கெட், ஓ-ரிங், ஜெட் (பெட்ரோல் பாயும் நுண்துளைத் திருகு) போன்ற சில்லறைகள். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது த்ராட்டில் ஸ்லைடு ஏறி இறங்கும் துளை தேய்ந்திருந்தால் எந்தக் கிட்டும் அதை அடைக்காது. அந்த இடுக்கில் காற்று புகுந்து, ஐட்லிங் ஒரு நேரம் எகிறும், ஒரு நேரம் சாகும். ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் படியாது. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி ஸ்லைடை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு புதியதிலும் உண்டு. ‘டக் டக்’கென்று அடித்தால் பாடி போச்சு.

அதற்கு முன், எஞ்சினோடு சேரும் முகமான ஃப்ளேஞ்சையும் பார்த்துவிடுங்கள். நட்டை அளவுக்கு மீறி முறுக்கி அது வளைந்திருந்தாலும் இதே நோய்தான். தட்டையான கண்ணாடி மேல் 400 நம்பர் எமரித் தாளை விரித்து, முகம் முழுக்க ஒரே மினுமினுப்பு வரும்வரை தேய்த்தால் சரியாகும்.

பாடி நல்லதென்றால் வேலை சுலபம். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளையை ஊசியால் குத்தாதீர்கள், பித்தளை அகன்றுவிடும். ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி, கார்ப் கிளீனர், கம்ப்ரசர் காற்று போதும். புளி போட்டு ஊறவைக்கும் பழக்கம் வேண்டாம். இது குத்துவிளக்கு இல்லை, புளிப்பு பாடியை அரிக்கும். மிதவையான ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கிறதா? அப்படியானால் ஓட்டை, ஓவர்ஃப்ளோ நிற்காது. ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் குறையும்.

புதியதில் தேய்மானத் தொல்லை இல்லை. ஆனால் ஜெட், நீடில், ஸ்லைடு மூன்றும் உங்கள் எஞ்சினுக்கு ஒத்துவர வேண்டும். பழைய ஜெட்டில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு வாங்குங்கள். எண் ஒன்றானாலும் கம்பெனி மாறினால் பாயும் அளவு மாறலாம். ஓட்டிப் பார்த்து, பிளக் கரிக் கறுப்பானால் ஸ்லைடில் தொங்கும் நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலேற்றுங்கள், வெளுத்தால் கீழிறக்குங்கள். நகல்களின் தரம் ஒவ்வொன்றுக்கும் மாறும், உறுதி சொல்ல முடியாது.

எதைப் போட்டாலும், திருவிழா முடிந்து ஊரைவிட்டுக் கிளம்பும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் அடியிலுள்ள பெட்ரோல் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். இப்போதைய எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுத்து உள்ளேயே கசடாய்ப் படியும்.