ஹேவ்லாக்கா, நீலா? அமாவாசை பார்க்காமல் டிக்கெட் போட்ட கதை

இந்த ஜனவரியில் அம்மா, மனைவி, ஒன்பது வயது மகனோடு அந்தமானில் ஆறு இரவு தங்கினோம். ஊர் சுற்றும் எண்ணமே கிடையாது. கடற்கரையில் சும்மா கிடக்க வேண்டும், அவ்வளவுதான். ஹேவ்லாக் தீவில் இரண்டு இரவு, நீல் தீவில் நான்கு. 2018 டிசம்பரில் இவற்றுக்கு ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றியாயிற்று. ஆனாலும் படகுத்துறையில் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு நீலுக்கு. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. ஏன் என்பதுதான் இந்த அலசல்.

போக்குவரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து இரண்டு தீவுகளுக்கும் அரசுக் கப்பலும் தனியார் படகும் உண்டு. சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான்: வங்காளி வீட்டுச் சமையல், மீன் குழம்பு, சோறு. ஹேவ்லாக்கில் உணவகங்கள் அதிகம். நீலில் காய்கறி புதிதாகக் கிடைக்கும், போர்ட் பிளேர் சந்தைக்கே இங்கிருந்துதான் நிறைய போகிறது.

ஹேவ்லாக் 90 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த தீவு. பேர் பெற்ற ராதாநகர் கடற்கரை மேற்கே இருக்கிறது. விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்கே, விஜயநகர் பக்கம். நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். ஒவ்வொரு முறை குளிக்கப் போகும்போதும் ஸ்கூட்டர் அல்லது ஆட்டோ, ஈரத்துணியோடு திரும்புவது, அம்மாவை ஏற்றி இறக்குவது என்று பாதி விடுமுறை சாலையில் போய்விடுகிறது. நீலில் எங்கள் அறையிலிருந்து எந்தக் கடற்கரைக்கும் ஆட்டோவில் பத்து நிமிடம் தாண்டவில்லை. பரத்பூர் கடற்கரை படகுத்துறையை ஒட்டியே இருக்கிறது. மர நிழலில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்துவிட்டால், இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அங்கேயேதான் இருப்பார், கையில் இளநீரோடு.

சரி, இப்போது கடல் வற்றும் விஷயம். அங்கே எங்கள் நாள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்தது இதுதான்.

மெரினா பக்கம் வளர்ந்தவன் நான். கடல் ஏறி இறங்குவதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. நீலில் இறங்கிய அன்று மதியம் மூன்றரைக்கு, படங்களில் பார்த்த நீலக் கடலைத் தேடி விடுதியின் பின்பக்கம் போனால் தண்ணீரையே காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் பாசி படிந்த பாறையும் செத்த பவளமும்தான். விடுதிக்காரர் அனுப்பிய படங்கள் எல்லாம் கடல் நிறைந்திருந்தபோது எடுத்தவை. வெறுங்காலில் நடந்து, பவளம் கிழித்து, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்கு முந்தைய நாள் அமாவாசை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அங்கே ஏறக்குறைய ஆளுயர வித்தியாசம் வரும். அஷ்டமியை ஒட்டி அது வெகுவாகக் குறையும். ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது, நேரமும் நாளுக்கு முக்கால் மணி போலத் தள்ளிப்போகிறது. நீலைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டு இருப்பதால், வற்றும்போது குளிப்பதை மறந்துவிட வேண்டியதுதான். ராதாநகரில் அந்தக் கவலை இல்லை. அங்கே முழுக்க மணல். கடல் வற்றினால் நாலடி கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் ஹேவ்லாக்கிலும் கிழக்குக் கரையில் அறை எடுத்தால் நீல் கதைதான்.

அப்புறம் ஏன் நீல்? இரண்டாம் நாளே விடுதிப் பையனிடம் நேரம் கேட்டு நாளைப் பிரித்துக்கொண்டோம். காலை பத்தை ஒட்டிக் கடல் நிறைந்திருக்கும், பரத்பூரில் குளியல். மதியம் வற்றியதும் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு லட்சுமண்பூர் பக்கம், இயற்கைப் பாலம் என்று சொல்லும் பாறை வளைவுக்கு. பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டை, நண்டு, பூப்போல விரிந்த சிப்பி. என் மகன் கைபேசியைத் தொடாத மூன்று மதியங்கள் அவை. (எதையும் கையில் எடுக்காதீர்கள். சிப்பி, பவளம் எடுத்துவரத் தடை இருக்கிறது.) ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடுகிறது. சென்னைக்கு வெகு கிழக்கே இருந்தும் அதே இந்திய நேரத்தில் ஓடுவதால் சென்னையைவிட முன்னதாகவே இருட்டும்.

கடல் வற்றுவது வேடிக்கையாகத் தோன்றினால் நீல், எரிச்சலாகத் தோன்றினால் ராதாநகர். எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும் என்பவர்களும், நடுவயதில் நீச்சல் பழகுகிறவர்களும் யோசிக்காமல் ராதாநகருக்குப் போகலாம். உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதலை எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். 2010இல் அந்தப் பக்கம் ஓர் உயிர் போயிருக்கிறது. பலகைக்கு அப்பால் உள்ள ஓடை முகத்துப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.

டைவிங் நாங்கள் செய்யவில்லை. அதற்கான பள்ளிகள் ஹேவ்லாக்கில்தான் அதிகம், அதற்காகவே போகிறவர்களுக்கு என் கணக்கு உதவாது. மழைக்காலத்தில் போன அனுபவமும் எனக்கு இல்லை.

தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் தினசரி நாட்காட்டியைக் கிழிக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்க மாட்டோம். ஆனால் நீலில் குளிக்க அந்த நாட்கள்தான் தோது, கடல் அவ்வளவாக வற்றாது. பாறைக் குழிகளைப் பார்க்க வேண்டும் என்றால் அமாவாசை. திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள். காற்று பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.