பன்ட்டுக்கு ஆஸ்திரேலியர், ஃபீல்ட் கோலுக்குக் கால்பந்தர்: யாருக்கு மாற்றம் எளிது?

அமெரிக்கக் கால்பந்தில் உதைக்கும் வேலை இரண்டு. ஹோல்டர் தரையில் நிறுத்திப் பிடிக்கும் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் ஃபீல்ட் கோல் ஒன்று. பின்னால் எறியப்படும் பந்தைக் கையில் வாங்கி, விட்டு, எதிரணிக்குத் தொலைவில் கிடைக்கும்படி உதைக்கும் பன்ட் இன்னொன்று. முதல் வேலைக்குக் கால்பந்து ஆடியவர்களும் இரண்டாவதற்கு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்தும் உதைத்தும் ஆடும் ஆஸ்திரேலிய விதி ஆட்டம் ஆடியவர்களும் வருவது வழக்கமாகிவிட்டது. இவர்களில் யாருக்கு மாற்றம் சீக்கிரம் படியும் என்றால், நான் ஆஸ்திரேலியர் பக்கம்தான்.

காலில் வலு இரு தரப்புக்கும் உண்டு. அதில் அலச ஒன்றுமில்லை. தீர்மானிப்பது நேரம்.

ஃபீல்ட் கோலில் ஸ்னாப், அதாவது பின்னால் எறியப்படும் பந்து, கிளம்பியதிலிருந்து பந்து காலில் படும் வரை சுமார் 1.3 விநாடி. பன்ட்டில் 15 கெஜம் பின்னால் நிற்பவருக்கு ஸ்னாப் வந்து சேரவே முக்கால் விநாடி ஆகும். வாங்கி உதைக்க இன்னொரு ஒன்றேகால் விநாடி. மொத்தம் இரண்டு விநாடியைத் தாண்டி இழுத்தால் பந்து தடுக்கப்படும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். கால்பந்தில் ஃப்ரீ கிக் எடுப்பவர் பந்தைத் தானே வைப்பார், மூச்சை இழுத்துவிட்டுத் தனக்குத் தோன்றும்போது ஓடிவருவார். இங்கே எப்போது கிளம்புவது என்பதை பந்தை எறியும் லாங் ஸ்னாப்பரும் ஹோல்டரும் தீர்மானிக்கிறார்கள். ஆஸ்திரேலிய ஆட்டக்காரரோ சின்ன வயதிலிருந்தே ஓட்டத்தில் பந்தைப் பிடித்து, எதிராளி மேலே விழுவதற்குள் உதைத்துப் பழகியவர். அடுத்தவர் தரும் நேரத்துக்குள் உதைப்பது அவருக்குப் புதிதல்ல.

கால்பந்தருக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1964இல் பஃபலோ பில்ஸ் அணிக்கு வந்த ஹங்கேரியர் பீட் கோகோலாக், பக்கவாட்டில் ஓடிவந்து புறங்காலால் உதைத்துக் காட்டிய முறைதான் இன்று எல்லோருடைய முறையும். நேராக வந்து பெருவிரல் முனையால் உதைத்தவர்களில் கடைசி முழுநேர ஆள் மார்க் மோஸ்லி, 1986இல் விலகினார். ஆக, உதையின் வடிவம் கால்பந்தருக்குச் சொந்தமானது. திருத்த வேண்டியவை வேறு. ஐந்தாறு எட்டு ஓட்டத்தை, பின்னால் மூன்று எட்டு, பக்கத்தில் இரண்டு எட்டு என்று அளந்து நிற்கும் அளவுக்குச் சுருக்க வேண்டும். பந்தை வளைக்கும் பழக்கத்தை விட வேண்டும். கால் உடலுக்குக் குறுக்கே சுற்றினால் வலக்காலர் உதைத்த பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கம்பங்களின் இடைவெளி 18.5 அடிதான். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே அடக்கி அடித்தவர், இப்போது 10 அடி உயரத்துக்கு மேலே, அதுவும் ஏழெட்டு கெஜம் முன்னால் கை தூக்கி நிற்பவர்களையும் தாண்டி எழுப்ப வேண்டும். அதற்காக முதுகைப் பின்னால் சாய்த்தால் தூரம் போய்விடும். ஊன்றுகாலைப் பந்துக்கு ஒரு சாண் பக்கத்தில் வைத்து, கணுக்காலை இறுக்கிப் பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே உதைத்தால் உயரம் தானே வரும்.

இதெல்லாம் சரியாக அமைந்தால் பிராண்டன் ஆப்ரி போன்ற ஒருவர் கிடைப்பார். 2017இல் டொராண்டோ எஃப்சி தேர்ந்தெடுத்த அந்தக் கால்பந்தர், 2023இல் டல்லஸ் கௌபாய்ஸில் முதல் 35 ஃபீல்ட் கோல்களையும் தவறாமல் போட்டார். ஆனால் நடுவில் போன வருடங்களைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியர் டேரன் பென்னட் 1994இல் சான் டியேகோ சார்ஜர்ஸின் பயிற்சி அணியில் இருந்தார். 1995இலேயே நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தேர்வானார், அதுவும் 30 வயதில். சாவ் ராக்கா 33 வயதில் பிலடெல்பியா ஈகிள்ஸில் புதுமுகமாக நுழைந்தார்.

இவர்கள் கொண்டுவந்த பெரிய சொத்து டிராப் பன்ட். பந்தைச் செங்குத்தாக விட்டு, கீழ் முனையில் உதைத்தால் அது பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போகும். எதிரணியின் 10 கெஜக் கோட்டுக்குள் விழுந்தாலும் கோல் கோட்டுக்குப் பின்னுள்ள எண்ட் ஸோனுக்குள் ஓடாமல் நின்றோ திரும்பியோ துள்ளும். ஓடிவிட்டால் எதிரணிக்கு 20 கெஜக் கோட்டில் பந்து போய்விடும் என்பதால், இந்தத் துள்ளலுக்கு மதிப்பு அதிகம். இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் பெரும்பாலும் பன்டர்தான் ஃபீல்ட் கோலுக்கு ஹோல்டர். கையில் பிடித்துப் பழகியவரால் அந்த வேலையையும் செய்ய முடியும். கோல்கீப்பராக இருந்தவர் தவிர மற்றக் கால்பந்தருக்கு இது கடினம்.

ஆஸ்திரேலியருக்கும் சிக்கல் உண்டு. சக ஆட்டக்காரரின் மார்புக்குத் தாழ்வாக, வேகமாக உதைத்த கால் அது. இங்கே 45 கெஜ உதை 4.5 விநாடி காற்றில் நிற்க வேண்டும். 55 கெஜம் போய் நான்கே விநாடியில் இறங்கினால், துரத்துபவர்கள் சேர்வதற்குள் எதிராளி வாங்கித் திரும்ப ஓடிவிடுவார். அமெரிக்கப் பந்தின் முனைகளும் ஆஸ்திரேலிய ஆட்டத்தின் ஷெரின் பந்தைவிடக் கூரானவை. விடும்போது மூக்கு கொஞ்சம் திரும்பினாலே பந்து ஓரத்துக்குச் சிதறும்.

ரக்பி பாணியில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே உதைக்கும் முறையைக் கல்லூரி ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அங்கே பந்து காலில் படும் முன்பே முன்வரிசையினர் எல்லோரும் ஓடலாம். என்எஃப்எல்லில் இரு ஓரத்தில் நிற்பவர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி, அதனால் தாழ்ந்த உதை கைகொடுக்காது. அயர்லாந்தின் கேலிக் கால்பந்துக்காரர்கள் தரையில் நிற்கும் பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பிப் பழகியவர்கள், ஃபீல்ட் கோலுக்கு நன்றாகப் பொருந்தலாம். 2024இல் வட அயர்லாந்தின் டவுன் கவுண்டி கோல்கீப்பர் சார்லி ஸ்மித்தை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் எடுத்தது. ஆனால் ஓரிருவரை வைத்து ஒரு முடிவுக்கு வருவது அவசரம்.

ஆஸ்திரேலியரை எடுத்தால் முதல் சில வாரங்களுக்கு உதைக்க விடாமல், பந்தை விடுவதை மட்டும் பழக்குங்கள். டிராப் பன்ட் அல்லாத வழக்கமான பன்ட்டுக்கு, இடுப்பு உயரத்திலிருந்து, கை நீட்டி, பந்து படுத்த வாக்கில், மூக்கு சற்று உள்ளேயும் கீழேயும் சாய்ந்திருக்கும்படி தரையில் விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் துள்ளினால் உதைக்க அனுமதியுங்கள். திசை மாறிக்கொண்டே இருந்தால் காலைக் குறை சொல்வதில் பயனில்லை, கோளாறு கையில்தான்.