பாண் இறங்கின பிறகு: திருமலையில் ஒரு விறகுப் போறணையும் சபையின் நத்தார் கேக்கும்

திருகோணமலை நகருக்குள் விறகுப் போறணை இன்னும் எரிகிற பேக்கரி ஒன்று, டிசம்பர் மாதத்தில் வெளியார் கொண்டுவரும் கேக் தட்டுகளையும் சுட்டுக் கொடுக்கிறது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நத்தார் காலத்தில் அவர்களுக்கு இருக்கிற கூட்டமே போதும். ஊரில் நாலு பேரிடம் கேட்டால் வழி காட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு கேக் போடுகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. நாற்பது குடும்பம் உள்ள ஒரு சின்னச் சபை, வருட முடிவில் எல்லா வீட்டுக்கும் ஒரே கேக்கில் துண்டு கொடுக்க நினைத்தால் இந்தச் சேவை உதவுமா என்பதுதான் கேள்வி. மூன்று தட்டு என்றால் உதவும். ஒரு தட்டு, இரண்டு தட்டுக்கு அலைச்சல்தான் மிஞ்சும். வீட்டு ஓவனே நல்லது.

சபைக் கேக்கை வீடு வீடாகப் பிரித்துச் சுடுகிற வழக்கமும் உண்டு. ஆறு வீட்டில் ஆறு ஓவன், ஆறு கைப்பக்குவம். ஒன்று அடி கருகியிருக்கும், ஒன்றின் நடு வேகாமல் ஒட்டும். யார் வீட்டுப் பொதிக்குள் மெலிந்த துண்டு போனது என்ற கதை பெந்தெகொஸ்தே வரை ஓடும். போதாததற்கு மின்சாரம். வடகீழ்ப் பருவமழை இங்கே உச்சத்தில் நிற்பது நவம்பரிலும் டிசம்பரிலும்தான். ஒரு காற்றடித்தால் கரண்ட் போய்விடும். இரண்டரை மணித்தியாலம் மெல்லச் சுட வேண்டிய ரிச் கேக், அதாவது ரவையும் பழங்களும் சேர்ந்த இந்த நத்தார் கேக், பாதி வழியில் ஆறிப்போனால், திரும்பச் சூடாக்கினாலும் மேல் காயுமே தவிர நடு சரியாக இறுகாது. 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதை மறக்காதவர்களுக்கு விறகின் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை.

போறணை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிழை வராது. செங்கல் அறைக்குள்ளேயே விறகை எரித்து, தணலை வாரி எடுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்துவிட்டுத்தான் பாணை உள்ளே விடுகிறார்கள். அதற்குப் பிறகு நெருப்பு இல்லை. கல் குடித்து வைத்திருக்கிற சூடு மட்டும்தான், அதுவும் நேரம் போகப்போக இறங்கிக்கொண்டே இருக்கும். பாணுக்கு 220 பாகை செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். ரிச் கேக்குக்கு 135 முதல் 140 போதும். எனவே பாண் இறங்கி, பணிஸ் இறங்கி, கல் கொஞ்சம் ஆறின பிறகுதான் கேக்கின் முறை. விடியற் பாணுக்குப் பிறகு ஒரு தவணை, பின்னேரப் பாணுக்குப் பிறகு ஒரு தவணை தருகிறார்கள். பின்னேரத் தவணையையே கேட்டு வாங்குங்கள். காலைத் தவணையில் அடுத்த பாணுக்கு மறுபடி நெருப்பு மூட்டும் அவசரம் இருக்கும்; கேக் வெந்ததோ இல்லையோ தட்டு வெளியே வந்துவிடும்.

சூடு பார்ப்பதில் இந்தக் கடையின் போறணைக்காரருக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றைத் தளத்தில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார். உடனே கறுத்தால் கேக்கைத் தொடவே மாட்டார். ஐந்து நிமிடம் பொறுத்து இலேசாக மஞ்சள் பிடித்தால்தான் தட்டு உள்ளே போகும். நம்பிக்கை இல்லாதவர்கள் ஓவனுக்குள் வைக்கிற வட்ட வெப்பமானி ஒன்றைத் தட்டோடு கொடுத்துவிடலாம். அவர் கோபிப்பதில்லை, சிரிப்பார்.

நேரம் பார்ப்பதில் பாதிப் புள்ளிகூடக் கொடுக்க முடியாது. நாலு மணி என்றால் ஆறரை ஆகும். எதைக் கேட்டாலும் “அக்கா, பாண் இறங்கட்டும்” என்ற ஒரே பதில். இந்தத் தாமதத்தால்தான் கேக் கெடுகிறது. ரிச் கேக்கில் அப்பச்சோடா, பேக்கிங் பவுடர் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிற காற்றெல்லாம் பட்டரும் சீனியும் அடிக்கும்போதும், வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலக்கும்போதும் வருவது. கலந்து இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றால் நுரை அமர்ந்துவிடும், கனத்த பழங்கள் அடியில் போய் உட்காரும். வெட்டினால் கீழ்ப்பாதி பழப்பாகு மாதிரி, மேற்பாதி ரவைக் களி மாதிரி.

இதற்கு வழி உண்டு. பழக்கலவையையும் மஞ்சட்கரு சேர்ந்த பட்டர் கலவையையும் தனித்தனிப் பாத்திரத்தில் மூடிக் கொண்டுபோங்கள். வெள்ளைக்கருவை ஒரு துளி எண்ணெயும் படாத சட்டியில் வைத்திருங்கள். கடைசிப் பாண் தட்டு வெளியே வருகிறபோது வெள்ளைக்கருவை அடிக்கத் தொடங்கினால் கணக்குச் சரியாக வரும். கடையில் அடிப்பதற்கு இடம் தருவார்கள், பிளக் கிடைக்காது. கைமத்து கொண்டுபோக வேண்டும், அதைச் சுழற்ற வாலிபர் சங்கத்தில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அளவு, ஒரு தட்டுக்கு: ரவை 250 கிராம், பட்டர் 375, சீனி 500, மஞ்சட்கரு 12, வெள்ளைக்கரு 6, கஜு 250. சுல்தானா, பிளம்ஸ், செரி ஒவ்வொன்றும் 250. சௌசௌ பாகு 375, பூசணித் தோசி 250, இஞ்சிப்பாகு 125. வாசனைக்குக் கறுவா, ஏலம், சாதிக்காய், ரோஸ் எசன்ஸ், வனிலா, தேன். மாஜரீனைக் கலந்து பட்டரைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; மூன்றாம் நாளே நாக்கில் தெரியும். சௌசௌவையும் தோசியையும் முதல் நாள் இரவே அரிதட்டில் போட்டுப் பாகை வடிய விடுவது முக்கியம். நடு வேகாத கேக்குக்கு இந்தப் பாகுதான் பெரும்பாலும் காரணம், பழி மட்டும் போறணைக்குப் போகும். மழைக்காலத்து ரவை ஈரம் பிடித்திருக்கும். நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்துச் சேருங்கள். பிராண்டி சேர்ப்பதும் விடுவதும் சபையின் பாடு. ஆனால் பொதி முஸ்லிம் அயலவர் வீட்டுக்கும் போகிறதென்றால் எல்லாத் தட்டிலும் விட்டுவிடுவதுதான் மரியாதை. ஒரு தட்டில் ஊற்றி, ஒரு தட்டில் ஊற்றாமல், பிறகு எது எது என்று தடுமாறுவதைவிட அது சுகம்.

தட்டு உள்ளளவு 25க்கு 30 சென்ரிமீற்றர், உயரம் 5. மேற்சொன்ன கலவை அதற்குச் சரியாக இருக்கும். உள்ளே பழைய பத்திரிகைத் தாள் இரண்டு அடுக்கு, அதற்கு மேல் பிரவுண் பேப்பர் இரண்டு அடுக்கு, கடைசித் தாளில் பட்டர் பூச்சு. வீட்டு ஓவனுக்கு இவ்வளவு போதும். போறணையில் அடிச்சூடு கூட என்பதால் தட்டுக்குக் கீழே இன்னொரு பழைய தட்டைக் கொடுத்துவிடுங்கள். தாள் விளிம்புக்கு மேலே மூன்று விரல் நிற்கட்டும். ஒரு மணித்தியாலத்தில் மேல் நிறம் பிடித்ததும் இன்னொரு பிரவுண் பேப்பரால் மூட அது தாங்கலாக இருக்கும். பின்சுவர்ப் பக்கம் எப்போதும் சூடு கூட, வாய்ப்பக்கம் குறைவு. பாதி நேரத்தில் தட்டுகளை இடம் மாற்றித் திருப்பி வைக்கச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் செய்யமாட்டார்கள். மொத்தம் மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குக் குத்திப் பார்த்தால் பழத்தின் பிசுபிசுப்பு ஒட்டலாம், மா ஒட்டக் கூடாது.

இரண்டு குறை சொல்லியே ஆக வேண்டும். சூடு இறங்கிவிட்டதென்று போறணை வாயில் ஒரு விறகைச் செருகிவிடுகிற பழக்கம் இவர்களிடம் உண்டு. மழையில் நனைந்த விறகென்றால் புகைதான், பட்டர் அந்தப் புகையை அப்படியே இழுத்துக்கொள்ளும். தட்டுக் கொடுக்கும்போதே “விறகு வைக்காதேங்கோ, நேரம் போனாலும் பரவாயில்லை” என்று சொல்லிவிடுங்கள். மற்றது, தட்டு மாறுவது. ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரித் தட்டு, நாலு கோயிலுக்கும் இருபது வீட்டுக்கும். ஒட்டின சீட்டு கருகிவிடும், பேனை எழுத்து போய்விடும். விளிம்பில் ஆணியால் கீறிய அடையாளம்தான் நிற்கும்.

கூலி தட்டுக் கணக்கு, நிறை பார்ப்பதில்லை. வருடத்துக்கு வருடம் மாறுகிறபடியால் தொகையை முன்கூட்டிக் கேட்டு, திகதியோடு அவர்களின் கொப்பியில் எழுதவையுங்கள். டிசம்பர் முதல் வாரத்தை எடுக்க வேண்டாம். 2020இல் புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது டிசம்பர் 2ஆந் திகதி இரவு. இருபதுக்குப் பிறகு கடையில் கால் வைக்க இடமிருக்காது. 10க்கும் 15க்கும் இடையில் ஒரு பின்னேரம் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுட்ட கேக்கை ஒரு முழு நாள் தட்டிலேயே ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இளஞ்சூட்டில் சுற்றினால் உள்ளே வியர்க்கும், இந்த ஈரக் காற்றில் ஒரு வாரத்தில் பூஞ்சணம். நாலு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் ஓரம் நீக்கி, இரண்டரைக்கு மூன்று சென்ரிமீற்றராக வெட்டினால் தட்டுக்கு 81 துண்டு வரும். கத்தியைச் சுடுதண்ணீர்த் துணியால் ஒவ்வொரு வெட்டுக்கும் துடையுங்கள். முதலில் ஒயில் பேப்பர், அதன்மேல் செலோபேன். மூன்று தட்டில் 243 துண்டு. நாற்பது வீட்டுக்கு நாலு நாலாக 160 போனால் மீதி 83 அயலவருக்கும், வைத்தியசாலையில் இருக்கிறவர்களுக்கும், தகர டின்னுக்கும். வெட்டின ஓரம் வீணில்லை. சனிக்கிழமை கோயில் கூட்டிக் கழுவ வருகிறவர்களுக்கு வெறுந்தேத்தண்ணியோடு அதைவிட நல்ல தின்பண்டம் கிடையாது.

பொதிக்குள் வைக்கிற சீட்டில்தான் பல சபைகள் சறுக்குகின்றன. அச்சடித்த வாழ்த்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. மூன்று பேர் ஒரு பின்னேரம் குந்தினால் நாற்பது சீட்டும் கையால் எழுதிவிடலாம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி. ‘தண்ணி மோட்டர் பழுதாகிக் கிடந்த நேரம் கிணற்றில் அள்ளி நிரப்பியதற்கு நன்றி.’ ‘ஒளிவிழாவுக்கு எட்டுச் சம்மனசுச் சட்டை தைத்ததற்கு நன்றி.’ எழுத ஒன்றும் வராத பெயர் ஒன்றிரண்டு இருக்கும். அந்த வீடுகளுக்குத்தான் முதலில் போக வேண்டும். பெரும்பாலும் படுக்கையில் கிடக்கிறவர்களாக, அல்லது வருடம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காதவர்களாக இருப்பார்கள்.

கரோலோடு கொடுப்பதென்றால் மூடி இறுகுகிற பிளாஸ்ரிக் வாளிதான் பாதுகாப்பு; கடதாசிப் பெட்டி உவர்மலை ஏறுவதற்குள் ஊறிவிடும். பாலையூற்று, உப்புவெளிப் பக்கங்களை வேறு ஒரு நாளுக்கு வையுங்கள், ஒரே இரவில் முடியாது. 26ஆந் திகதி வேண்டவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோர வீடுகளில் அது விளக்கேற்றுகிற நாள். சைவ அயலவருக்கு இன்னொரு கவனிப்பு: திருவெம்பாவைக் காலம் பல வருடங்களில் நத்தாரை ஒட்டியே வரும், அந்த நாட்களில் முட்டை சேர்ந்ததைக் கொடுத்துச் சங்கடப்படுத்தக் கூடாது. பால் ரொபி, அல்லது ஒரு சீப்புக் கதலி. மெதடிஸ்த சபையென்றால் ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை, ஜோன் வெஸ்லி 1755இல் தொடக்கிய வழக்கம். அன்றைய தேநீருக்கும் நாற்பது துண்டாவது டின்னில் இருக்கட்டும். நன்றாக ஆறி, இறுகச் சுற்றிய போறணைக் கேக் அதுவரை கெடாது. சொல்லப்போனால் அப்போதுதான் கறுவாவும் ஏலமும் ஒன்றாகச் சேர்ந்து சுவை கூடியிருக்கும்.

பேக்கரியில் வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பொதி கணக்கில் வையுங்கள். முதலாளியிடம் மொத்தமாகக் கொடுத்தால் மேசைக்கு அப்பால் போகாது. விடியப்புறம் ஐந்து மணிக்கு முன் பின்கதவுப் பக்கம் போக வேண்டும். அதற்குப் பிறகு, இரவு முழுக்க மா பிசைந்தவர் படுக்கப் போய்விடுவார்.