லேமினேட் தரை வாங்கப் போகிறீர்களா? 'வாட்டர் ப்ரூஃப்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள்

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், தரைத்தளம். அம்மாவுக்கு மூட்டுவலி. விடியற்காலையில் மொசைக் தரையில் கால் வைத்தாலே சில்லென்று வலி ஏறுகிறது என்பார். அவர் அறைக்கு மட்டுமாவது, 180 சதுர அடிதான், மரத்தரை மாதிரி தெரியும் லேமினேட் பலகை போட்டுக் கொடுக்கலாம் என்று ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு கடைக்குப் போனோம்.

"புதுசா வந்திருக்கிற லைன் சார். 12 எம்.எம்., ஏசி-4, நூறு சதவீதம் வாட்டர் ப்ரூஃப்" என்று கடைக்காரர் ஒரு சாம்பிள் துண்டை எடுத்து வைத்தார். பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டுத் துடைத்துக் காட்டினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தோம்.

இறங்காதுதான். மேலே இருப்பது மெலமைன் பூச்சு. அதற்கு அடியில் இருப்பது மரநாரைப் பசை சேர்த்து அழுத்திய எச்.டி.எஃப். பலகை. ஈரம் நுழைவது மேலிருந்து அல்ல. ஜாயின்ட் வழியாகவும் அடியிலிருந்தும்தான். ஏசி-3, ஏசி-4 என்பதெல்லாம் மேற்பரப்பு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதற்கான வகுப்பு. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வியாபாரத்தில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

சதுர அடி 135 ரூபாய் என்று 24,300 ரூபாயை முழுசாகக் கட்டினோம். கையில் கொடுத்தது ஒரு கொட்டேஷன் தாள். "பில் அப்புறம் அனுப்புறோம்" என்றார்கள், வரவேயில்லை. சரக்கும் ஆட்களும் ஒரே வண்டியில் காலையில் வந்து, மாலைக்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பாக்ஸைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் கிடத்தி, அந்த அறையின் ஈரப்பதத்துக்குப் பழகிய பிறகுதான் பலகையைப் பதிக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரியாது.

ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் இருக்கும். அம்மாவின் கைத்தடி ஜன்னலோரம் ஓர் இடத்தில் 'டொக்' என்று உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி சத்தம் போட்டது. குனிந்து தடவினால் ஜாயின்ட் எல்லாம் விரலில் தட்டியது. பத்து நாளில் அறை நடுவே தரை தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு நாள் இரவு அதில் கால் தடுக்கி, அம்மா கட்டில் காலைப் பிடித்துத் தப்பித்தார். பணம் போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

கடைக்குப் போன் செய்தால், "நீங்க தண்ணி ஊத்தித் துடைச்சிருப்பீங்க சார், அதுக்கு வாரன்ட்டி கிடையாது" என்றார்கள். வாரன்ட்டி கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது: ஈரத்தால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை. வாட்டர் ப்ரூஃப் என்று சொல்லி விற்ற சரக்குக்கு!

தெரிந்த கார்பென்டரைக் கூப்பிட்டு சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங் பட்டையைப் பெயர்த்துப் பார்த்தோம். சுவரோரம் 8 முதல் 10 எம்.எம். இடைவெளி விட வேண்டும், பலகை விரியும்போது போக இடம் வேண்டுமே. சுவரை முட்டித்தான் பதித்திருந்தார்கள். ஃபோம் விரித்திருக்கிறார்கள், அதற்கு அடியில் பாலிதீன் ஷீட் இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊரில், தரைத்தளத்தில், மழைக்காலத்தில் ஈரம் கீழிருந்து ஏறாமல் என்ன செய்யும்?

பரணில் மிச்சப் பலகை இரண்டு கிடந்தது. ஸ்கேல் வைத்தால் 8 எம்.எம். பாக்ஸில் ஏசி-3 என்று அச்சடித்திருக்கிறது. சாம்பிளோடு நிறம் மட்டும்தான் ஒத்துப்போனது. ஒரு துண்டை வெட்டி ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டேன். காலையில் ஓரம் உப்பி, நகத்தால் சுரண்டினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. பணம் கட்டும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். வெட்டிய துண்டு தர மறுக்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள். சரக்கு இறங்கும்போது நீங்களே நின்று, பாக்ஸைப் பிரித்து, தடிமனை அளந்து பாருங்கள். தடிமன், வகுப்பு, 'வாட்டர் ப்ரூஃப்' மூன்றையும் ஜி.எஸ்.டி. பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கொட்டேஷன் தாள், பாக்ஸ் படம், ஸ்கேல் வைத்து எடுத்த படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அம்மா அறையில் பலகையை எல்லாம் பெயர்த்தாகிவிட்டது. மொசைக் மேல் இரண்டு பவானி ஜமக்காளம் விரித்திருக்கிறோம்.