லெங்காவ்: 34 க்யூபிட்டுக்கு இடம் தந்த இயந்திரம்

என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம்தான். குவாண்டம் சர்க்யூட்டை, அதாவது குவாண்டம் கணினிக்கான கணக்கின் படிகளை, சாதாரணக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு இது எங்கே முட்டும் என்று தெரியும். 28 க்யூபிட்டின் (க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) நிலையை முழுசாக எழுதிவைக்க 4 ஜிபி வேண்டும். 29க்கு 8, 30க்கு 16. ஒவ்வொரு க்யூபிட் கூடும்போதும் இரண்டு மடங்கு. என் ஆய்வுக்குத் தேவைப்பட்டது 34. அதாவது 256 ஜிபி.

முதலில் ஒரு தனியார் சேவையில் இயந்திரம் வாடகைக்கு எடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அதை அணைக்காமல் விட்டுவிட்டேன். திங்களன்று வந்த பில்லில் என் உதவித்தொகையில் பாதி போய்விட்டது. அப்புறம்தான் எங்கள் பேராசிரியர் கேப் டவுன் ரோஸ்பேங்கில் உள்ள தேசிய உயர்திறன் கணினி மையத்தில் என் பெயரைச் சேர்த்தார்.

அங்கே இருக்கிற இயந்திரத்தின் பெயர் லெங்காவ். செட்ஸ்வானா மொழியில் சிவிங்கிப்புலி என்று அர்த்தம். 2016 ஜூனில் உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 121ஆம் இடம் பிடித்தது. இன்று அந்தப் பட்டியலில் அது இல்லை, வயது தெரிகிறது. ஆனாலும் 1,368 கணுக்கள், அதாவது ஒன்றாக இணைத்த தனித்தனிக் கணினிகள்; கணுவுக்கு 24 கோர் (கணக்குப் போடும் பகுதி). சாதாரணக் கணுவில் 128 ஜிபி என்றால் 32 க்யூபிட் வரை ஓட்டலாம். என் வேலை நடந்தது 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) நினைவகம் உள்ள பெரிய கணுவில். அப்படிப்பட்டவை 5 இருக்கின்றன. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக ஆய்வுக்கு ஒரு ராண்ட்கூடக் கட்டணம் இல்லை.

முதல் வேலையை, அதாவது ஓட்டவேண்டிய கணக்கை, லெங்காவுக்கு அனுப்பிய இரவு டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் மின்வெட்டு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆயா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, போனிலிருந்தே உள்ளே நுழைந்து பார்த்தேன். என் வேலையின் எண்ணுக்கு எதிரே இருந்த ‘கியூ’ என்ற எழுத்து ‘ஆர்’ ஆகியிருந்தது. வரிசையில் நின்றது ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். “வீட்டுல கரண்ட் இல்ல, உன் மிஷின் மட்டும் எப்படிடி ஓடுது?” என்றார் ஆயா. அது கேப் டவுனில் ஓடுகிறது ஆயா, நம்ம நாட்டுக் கணினி, என்றேன். 31 மணி நேரத்தில் முடிந்தது.

குவாண்டம் என்றாலே வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நம்மவர்கள் நினைப்பது எனக்கு வருத்தம். 2010 உலகக் கோப்பையின்போது நம் டர்பன் மோசஸ் மாபிடா மைதானத்துக்கும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையத்துக்கும் இடையே போன தகவலைக் காத்தது குவாண்டம் குறியாக்கம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தார் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து செய்தது. இன்று ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துத் தேசியக் குவாண்டம் திட்டமே நடக்கிறது. நிஜமான குவாண்டம் கணினியில் வந்த விடை சரியா என்று ஒப்பிட, லெங்காவ் மாதிரி ஒரு பெரிய இயந்திரம் கையில் இருந்தே ஆகவேண்டும். அது நாட்டுக்குள்ளேயே, மாணவருக்கு இலவசமாக இருப்பதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சேரப் போகிறவர்களுக்கு: ஆய்வுத் திட்டத்தை மேற்பார்வையாளர்தான் பதிவு செய்யவேண்டும், மாணவர் நேரடியாக முடியாது. வழக்கமான வரிசையில் ஒரு வேலைக்கு 48 மணி நேரம்தான், அதனால் கணக்கை நடுநடுவே சேமிக்கும்படி எழுதுங்கள். வேலைக் கோப்புகள் இருக்கும் லஸ்டர் என்ற சேமிப்பகத்துக்கு நகல் கிடையாது, 90 நாள் தொடாத கோப்புகள் அழிந்துவிடும். நான் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குக் கிளம்புமுன் எல்லாவற்றையும் டர்பனுக்கு இறக்கிவிடுகிறேன்.